மூன்று கேள்வித்தாள், ஒரே பேனா

"மூணு பேர் மார்க்கும் நல்லா வந்திருக்கு" என்றாள் நிர்மலா. "அம்மா, உங்களோடது கூட நூத்தி நாப்பத்திரெண்டு."

கொளஞ்சி மேசைமேல் இருந்த தாளைப் பார்த்தாள். மூன்று பெயர்கள், எதிரே மூன்று எண்கள். கோவிந்தசாமி 146. கொளஞ்சி 142. சுடர்விழி 139. மொத்தம் நூற்று அறுபதுக்கு. நூற்று இருபதைத் தாண்டினாலே ஒழுங்காக இயங்கும் குடும்பம் என்று நிர்மலா விளக்கினாள். அவள் அந்த ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவில் குடும்ப ஆலோசகர். இருபத்தேழு, இருபத்தெட்டு வயதிருக்கும். வெளியே நடைக்கூடத்தில் இன்னும் பதினைந்து குடும்பங்கள் உட்கார்ந்திருந்தன.

"அப்ப குடும்பத்துல கோளாறு ஒண்ணும் இல்லீங்க மேடம்?" என்று கேட்டான் கோவிந்தசாமி.

"இந்த அளவுகோல்படி இல்ல சார். குடும்பமா வர்றத இதோட நிறுத்திக்கலாம். சுடர்விழிக்கு மட்டும் தனியா சிகிச்சை தொடரும். பெரிய டாக்டர் மாத்திரைய கொஞ்சம் கூட்டுவாரு."

"காலேஜுக்கு ஒரு லெட்டர் கேட்டிருந்தேன்."

"படிப்பைத் தொடர முடியாத நிலைன்னுதானே? அடுத்த செவ்வாய்க்கிழமை டாக்டர் வருவாரு. கையெழுத்து வாங்கித் தர்றேன்."

சுடர்விழி இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து மேசையின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பத்தொன்பது வயது. அவள் பேசி ஐந்து மாதமாகிறது.

கொளஞ்சி அந்த நாற்பது கேள்விகளில் ஒன்றைக்கூடப் படித்ததில்லை. ஒன்றுக்கும் டிக் அடித்ததில்லை. அவள் பெயருக்கு எதிரே நூற்று நாற்பத்திரண்டு இருந்தது. வாயைத் திறந்து இதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். கோவிந்தசாமி எழுந்து கும்பிட்டான். அவளும் எழுந்தாள்.

பஸ் நிறுத்தத்துக்கு வந்த பிறகுதான் கோபம் வந்தது. அங்கே நின்றுகொண்டு யாரிடம் காட்டுவது.

*

கோவிந்தசாமியின் தொழில் எழுதுவது. தாலுகா ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை ஓரமாக ஒரு மடக்கு மேசையும் இரண்டு ஸ்டூலும். இருபத்தாறு வருடமாக அதே இடம். பட்டா மாற்றம், வாரிசுச் சான்று, முதியோர் பென்ஷன், ரேஷன் அட்டையில் பெயர் நீக்கம், பிரெஞ்சு பட்டாளத்தில் இருந்த சொல்தாக்களின் பென்ஷனை வாங்கும் விதவைகளுக்கு 'நான் உயிரோடு இருக்கிறேன்' என்று வருடாவருடம் ஒரு தாள். எதிரே உட்கார்ந்திருப்பவர் அழுதுகொண்டே பத்து வாக்கியம் சொல்வார். கோவிந்தசாமி அதை ஒரே வாக்கியமாக்குவான். 'நான்' என்று தொடங்குவான். 'என் கணவர் காலமாகிவிட்டபடியால் நான் ஆதரவின்றி' என்று எழுதும்போது அவன் முகத்தில் எதுவும் இருக்காது. ஒரு பகலில் இருபது பேருடைய 'நான்' ஆக இருந்துவிட்டு ஆறு மணிக்கு உழவர்கரையில் இருக்கும் வீட்டுக்கு வருவான்.

படிவத்தின் அடியில் 'நிரப்ப உதவியவர்' என்று ஒரு கோடு இருந்தால் தன் பெயரை மறக்காமல் எழுதுவான். அதில் கறாரான ஆள்.

அவன் குடிப்பதில்லை. கை நீட்டியதில்லை. அதனால் அவன்மேல் கோபப்படக் கொளஞ்சிக்கு இத்தனை வருடமும் ஒரு சாக்கு கிடைக்கவில்லை.

கொளஞ்சி மில் தொழிலாளியின் மகள். ஒன்பதாம் வகுப்பில் இருக்கும்போது அப்பாவுக்கு மில்லில் வேலை போயிற்று. அவளைப் பள்ளியிலிருந்து நிறுத்தினார்கள். நிறுத்திய அன்று தமிழ் டீச்சர் வீட்டுக்கு வந்து, இவ்வளவு அழகான கையெழுத்து உள்ள பெண்ணை நிறுத்தாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். கையெழுத்தைப் பார்த்துத்தான் கோவிந்தசாமி வீட்டில் சம்மதித்ததாகக் கல்யாணத்தில் கேலி பேசிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு அவள் எதையும் எழுதவில்லை. எழுதுகிறவனைக் கட்டிக்கொண்டவள் என்னத்தை எழுதுவது? வங்கிச் சலான், பள்ளிச் சேர்க்கை, கேஸ் இணைப்பு, ஓட்டுப் பட்டியல் எல்லாவற்றையும் அவன் நிரப்பினான். அடியில் பெருக்கல் குறி போட்டுக் காட்டுவான். அந்த இடத்தில் அவள் கையெழுத்துப் போட்டாள்.

பதினோரு வருடமாகத் தேங்காய்த்திட்டில் இறால் உரிக்கப் போகிறாள். விரல் நுனிகள் ஐஸ் தண்ணீரில் ஊறி ஊறி வெடித்திருக்கும். வெங்காயம் நறுக்கினால் எரியும்.

இந்த வருடம் தை மாதம் நடந்தது இது. சுடர்விழி நர்சிங் இரண்டாம் வருடம். கூடப் படிக்கும் பையன் ஒருவனோடு கடற்கரையில் நின்று சுண்டல் தின்றதை கோவிந்தசாமியின் அண்ணன் புருஷோத்தமன் பார்த்துவிட்டான். போனைப் பிடுங்கினார்கள். காணும் பொங்கலன்று பங்காளிகள் கூடத்தில் உட்கார, கோவிந்தசாமி கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவள் போனில் இருந்த நாற்பத்தொரு செய்திகளையும் வரிசையாக வாசித்தான். மனு வாசிக்கும் குரலில் வாசித்தான். 'சாப்டியா.' 'இன்னிக்கு அனாட்டமி எடுத்தாங்களா.' 'மழை பெய்யுது, குடை எடுத்துக்கோ.' நாற்பத்தொன்றிலும் அதற்கு மேல் ஒன்றும் இல்லை. ஒவ்வொன்றுக்கும் புருஷோத்தமன் 'ம்' கொட்டினான்.

பிறகு கோவிந்தசாமி ஒரு வெள்ளைத்தாளை எடுத்தான். 'கோவிந்தசாமி மகள் சுடர்விழி ஆகிய நான், எவருடைய வற்புறுத்தலும் இன்றி, முழு மனதுடன் எழுதிக்கொடுக்கும் உறுதிமொழி என்னவென்றால்' என்று தொடங்கி, இனி அந்தப் பையனோடு பேசுவதில்லை என்று முக்கால் பக்கம். திருத்தம் இல்லை, அடித்தல் இல்லை. கடைசியில் பெருக்கல் குறி.

சுடர்விழி அப்பாவைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். கையெழுத்துப் போட்டாள்.

முதல் சாட்சி புருஷோத்தமன். இரண்டாவது சாட்சிக்குக் கோவிந்தசாமி சமையலறையைப் பார்த்துக் கூப்பிட்டான். கொளஞ்சி வந்து போட்டாள்.

அதற்கு மறுநாளிலிருந்து சுடர்விழி பேசவில்லை. குளித்தாள், சாப்பிட்டாள், துணி மடித்தாள். கல்லூரிக்கும் போனாள். வார்டில் நோயாளியிடம் பெயர்கூடக் கேட்காத மாணவியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவர்கள் திருப்பி அனுப்பினார்கள். சிகிச்சை எடுத்துக்கொண்டு வரட்டும், இடத்தை ஆறு மாதம் வைத்திருக்கிறோம் என்றார்கள். அந்த வரையில் அவர்கள் நியாயமாகத்தான் நடந்துகொண்டார்கள். கோவிந்தசாமிக்குத்தான் அந்த இடம் வேண்டாம். படிப்பை விட்டு விலகும் விண்ணப்பத்தை மகள் பெயரில் எழுதி, அவளிடம் கையெழுத்தும் வாங்கி, பையில் வைத்திருந்தான். டாக்டர் கடிதம் ஒன்றுதான் பாக்கி.

*

கேள்வித்தாள் வீட்டுக்கு வந்தது, மார்க் சொன்ன நாளுக்கு முந்தின செவ்வாய்க்கிழமை.

"தனித்தனியா நிரப்பணும்" என்றாள் நிர்மலா. "ஒருத்தர் போட்டத இன்னொருத்தர் பாக்கக் கூடாது. சரி, தப்புன்னு எதுவும் இல்ல. மனசுல பட்டத போடுங்க." ஆனால் உட்கார வைக்க அன்று அறை இல்லை. நடைக்கூடத்தில் நிற்கவே இடமில்லை. "வீட்லயே போட்டு எடுத்துட்டு வாங்க சார், நம்பிக் குடுக்கறேன்" என்று மூன்று தாள்களையும் நீட்டினாள். நீட்டியது கோவிந்தசாமியிடம்.

அன்று சாயங்காலம் கொளஞ்சி சங்கரா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். கோவிந்தசாமி டிவி ஸ்டாண்டில் தாள்களை வைத்து எழுதினான். இருபத்தைந்து நிமிடம். "இங்க ஒரு கையெழுத்து" என்றான். நைட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு அவள் போட்டாள். கையெழுத்தின் ஓரத்தில் ஒரு மீன் செதில் ஒட்டிக்கொண்டது. அவன் அதை நகத்தால் சுரண்டி எடுத்தான்.

மார்க் தெரிந்துகொண்டு பஸ்ஸில் திரும்பும்போது கொளஞ்சி கேட்டாள்.

"அந்தக் கேள்வித்தாள நீங்களா போட்டீங்க?"

"பின்ன? நீ மீன் ஆஞ்சிக்கினு இருந்த. அவளுக்கு இந்த நெலம."

"என்னுத நான் போட்டிருப்பேன்."

"நீ போட்டிருந்தா நூத்திப் பத்துகூட வந்திருக்காது." அவன் சிரித்தான். அவனுக்கு நல்ல மனநிலை. "நாப்பது கேள்வியில பதிமூணு தலகீழ் கேள்வி, தெரியுமா? நல்லதா ரெண்டு கேட்டுட்டு நடுவுல ஒண்ணு மாத்திப் போட்டிருப்பான், அதுல கடைசிக் கட்டத்துல போட்டாத்தான் மார்க்கு. ஒரே பக்கமா டிக் அடிச்சிக்கினு போறவன் அங்க மாட்டுவான். என்கிட்டயா?"

"எனக்கு நாலு மார்க் ஏன் கொறச்சல்?"

"எல்லாருக்கும் ஒரே மாதிரி வந்தா சந்தேகப்படுவாங்க. பொம்பளைங்க கொஞ்சம் கொறச்சித்தான் போடுவாங்க. ஒனக்கு நாலு, அவளுக்கு இன்னும் மூணு. பாக்க இயற்கையா இருக்கணும்ல."

அவன் பொய் சொன்னதாகவே நினைக்கவில்லை என்பது அவளுக்கு அப்போது புரிந்தது. அது இன்னும் எரிச்சலாக இருந்தது. பின் இருக்கையில் சுடர்விழி ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்திருந்தாள். ஒரு சொல் விடாமல் கேட்டிருப்பாள். 

மறுநாள் கோவிந்தசாமி, நிர்மலாவிடம் கேட்டு வாங்கி வந்திருந்த அந்த மார்க் தாளை லேமினேஷன் செய்து கொண்டுவந்தான். ஆஸ்பத்திரி முத்திரை தெரியும்படி, கேஸ் புத்தகம் தொங்கும் ஆணியில் மாட்டினான். அண்ணனுக்குப் போன் போட்டான். "ஆஸ்பத்திரியே எழுதிக் குடுத்துட்டாங்கண்ணே. குடும்பம் நல்லா இருக்குது. கோளாறு அவகிட்டதான்."

கொளஞ்சி அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மகள் அறைக் கதவு திறந்துதான் இருந்தது.

*

இறால் ஷெட்டில் பெண்கள் எதிரெதிராக இரண்டு வரிசையில் உட்காருவார்கள். நடுவில் ஐஸும் இறாலும் குவிந்திருக்கும். தலையைக் கிள்ளி ஒரு கூடையில், உடம்பை உரித்து இன்னொரு கூடையில்.

"இன்னாடி, இந்தப் பிய்ப்பு பிய்க்கற" என்றாள் எதிரே இருந்த சுமலதா. "இறால் தலையா, ஒன் ஊட்டுக்காரன் தலையா அது?"

கொளஞ்சி சொன்னாள். நாற்பது கேள்வி, மூன்று தாள், நூற்று நாற்பத்திரண்டு. கைகள் நிற்கவில்லை.

சுமலதா சிரித்தாள். "எங்க ஊட்டுக்கு வந்து கேக்கச் சொல்லு. நூத்தி அறுவதுக்கு நூத்தி எழுவது வாங்குவேன். மாமியா பக்கத்துல குந்திக்கினு இருக்குமில்ல."

வரிசையே சிரித்தது. கொளஞ்சிக்குச் சிரிப்பு வரவில்லை.

"அதுல இன்னா கேட்டிருக்கான்னு பாக்காம நீ எதுக்குடி கையெழுத்துப் போட்ட?" என்றாள் சுமலதா. கேலியாகத்தான் கேட்டாள். பிறகு அடுத்த கூடையை இழுத்துக்கொண்டாள்.

மதியம் வரை கொளஞ்சி அந்தக் கேள்வியை மென்றுகொண்டிருந்தாள். அவன்மேல் வந்த கோபத்தை அவனிடம் காட்டலாம். ஆஸ்பத்திரிக்காரியிடம் போய்க் கத்தலாம். இந்த மூன்றாவது கோபத்தை எங்கே கொண்டுபோவது என்று தெரியவில்லை. காணும் பொங்கலன்று சுடர்விழி தன்னைப் பார்த்த பார்வை அதற்குள் இருந்தது. போடாதே என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்லாமல் இரண்டாவது சாட்சியாகப் போய் நின்றவள் அவள்தான்.

வெள்ளிக்கிழமை அரை நாள் விடுப்பு எடுத்தாள். யாரிடமும் சொல்லவில்லை.

*

நிர்மலா டிபன் பாக்ஸைத் திறந்து வைத்திருந்தாள். தயிர்சாதம். கொளஞ்சி உள்ளே வந்து நின்றாள். உடம்பில் இறால் வாசம் இருந்தது. அது அவளுக்கே தெரிந்தது.

"செவ்வாய்க்கிழமைதானேம்மா உங்களுக்கு?"

"என் கேள்வித்தாளைக் குடுங்க. நான் பாக்கணும்."

"அது ஃபைல்ல போயிடுச்சும்மா. மார்க் கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சு."

"நான் அதுல ஒரு கோடுகூடப் போடல."

நிர்மலா கரண்டியைக் கீழே வைத்தாள். "கையெழுத்து உங்களோடதுதானே?"

"கையெழுத்து என்னுதுதான். டிக்கு என்னுது இல்ல. மூணும் அவரு போட்டது."

"அம்மா, படிக்க வராதவங்களுக்கு வீட்ல யாராவது வாசிச்சுக் காட்டறது உண்டு…"

"எனக்குப் படிக்க வரும்." குரல் உயர்ந்துவிட்டது. நடைக்கூடத்தில் இருந்து ஒரு கிழவர் எட்டிப் பார்த்தார். "எனக்குப் படிக்க வருமா வராதான்னு யாராவது கேட்டீங்களா? மூணு தாளையும் அவரு கையில குடுத்தீங்க. என்னுத என் கையில குடுத்திருந்தா இன்னா கொறஞ்சிப் போயிருக்கும்?"

நிர்மலா டிபன் பாக்ஸைத் தள்ளி வைத்தாள். எழுந்து அலமாரியைத் திறந்து ஃபைலை எடுத்தாள். மூன்று தாள்களையும் மேசையில் பக்கம் பக்கமாக வைத்தாள். ஒரே நீல மை. ஒவ்வொரு டிக்கின் வாலிலும் ஒரே மாதிரி ஒரு சுழி. நூற்றிருபது சுழிகள்.

கொளஞ்சி மகளின் தாளைத் தன் பக்கம் திருப்பினாள். விரலை வைத்து வரிவரியாக வந்தாள். பதினாலாவதில் நின்றது.

"இதைப் படிங்க."

"என் மனதில் உள்ளதை வீட்டில் சொல்ல முடிகிறது" என்று நிர்மலா படித்தாள்.

"டிக்கு எங்க இருக்குது?"

"'எப்போதும்'ல."

"அஞ்சு மாசமா வாயத் தொறக்காத பொண்ணு. ஒங்க எதிர குந்திக்கினு இருந்துது. அது 'எப்போதும் சொல்றேன்'னு போட்டிருக்குது. நீங்க இத பாக்கவே இல்லையா?"

"கூட்டினது கம்ப்யூட்டர்மா. நான் மொத்தத்ததான்…" நிர்மலா நிறுத்திக்கொண்டாள்.  "ஒரு நாளைக்கு முப்பது குடும்பம் வருதும்மா."

"எனக்கு ஒண்ணுதான்."

 மின்விசிறிக் காற்றில் தாள்கள் எழும்பின. நிர்மலா அவற்றின்மேல் டிபன் பாக்ஸ் மூடியை வைத்தாள்.

"ஒரு தடவை போட்டா மறுபடி போட மூணு மாசம் ஆகணும். அதுதான் விதி" என்றாள் மெதுவாக.

"மூணு மாசத்துல அவ சீட்டு இருக்காது. செவ்வாய்க்கிழமை நீங்க லெட்டர் குடுத்தா புதன்கிழமை அவரு அத காலேஜுல கொண்டுபோய்க் குடுத்துடுவாரு. யாரோ போட்ட டிக்க வச்சிக்கினு எம்பொண்ணுதான் கோளாறுன்னு நீங்க எழுதப்போறீங்க. அப்புறம் எனக்கு எதுக்கு ஒங்க கேள்வி?"

நிர்மலா மூன்று தாள்களின் குறுக்கேயும் ஒரு கோடு இழுத்தாள். அடியில் 'செல்லாது' என்று எழுதித் தேதி போட்டாள்.

"பொதுவா இதை நானா முடிவு பண்ணக் கூடாது" என்றாள். "செவ்வாய்க்கிழமை மூணு பேரும் வாங்க. மூணு ரூம் எடுத்து வைக்கறேன். லெட்டர் அன்னிக்குக் கிடையாது."

கொளஞ்சி வெளியே வந்தாள். நன்றி சொல்லவில்லை என்பது படியில் இறங்கும்போது நினைவுக்கு வந்தது. எதற்கு நன்றி என்று இறங்கிப் போனாள்.

*

கோவிந்தசாமி கடிதம் வாங்கத்தான் கிளம்பி வந்தான். பையில் விலகல் விண்ணப்பம் இருந்தது.

நிர்மலா நடைக்கூடத்திலேயே நின்று மூன்று நிரப்பாத கேள்வித்தாள்களை எடுத்தாள். "போன தடவை போட்டது செல்லாது சார். தனித்தனியா நிரப்பல. இன்னிக்கு இங்கயே போடணும்."

"எதுக்கு மேடம் மறுபடி? எல்லாம் நல்லாத்தானே வந்துது." சொல்லிக்கொண்டே அவன் கை நீண்டது. மூன்றுக்கும் சேர்த்துத்தான். அவனாக நினைத்து நீட்டியதுகூட இல்லை. பஸ்ஸில் மூன்று பேருக்கும் சேர்த்து டிக்கெட் வாங்குகிற கை.

கொளஞ்சி நடுவில் கையை விட்டு இரண்டு தாள்களை உருவினாள். ஒன்றை மகளிடம் கொடுத்தாள்.

"இன்னாடி இது?" என்றான் தாழ்ந்த குரலில்.

"என்னுத நான் போட்டுக்கறேன்."

"தலகீழ் கேள்வி வரும். ஒனக்குத் தெரியாது."

"வரட்டும்."

அவனை நிர்மலா தன் அறையில் உட்கார வைத்தாள். சுடர்விழிக்கு ஊசி போடும் அறை. கொளஞ்சிக்குப் பழைய நாற்காலிகள் அடுக்கிய ஒரு சாமான் அறை கிடைத்தது. ஒரு பேனாவைக் கொடுத்துக் கதவைச் சாத்தினார்கள்.

பேனாவை எப்படிப் பிடிப்பது என்பதற்கே கொஞ்ச நேரம் ஆனது. வெடிப்பு உள்ள விரலில் படாமல் பிடிக்க வேண்டும்.

ஒன்று. 'எங்கள் வீட்டில் ஒருவர் பேசும்போது மற்றவர்கள் கேட்கிறார்கள்.' எப்போதும், பெரும்பாலும், எப்போதாவது, ஒருபோதும் இல்லை. பேசுகிறவர் ஒருவர். கேட்கிறவர்கள் இரண்டு பேர். அப்படியானால் எப்போதும் கேட்கிறார்கள்தான். அந்த இரண்டு பேர் பேசினால் கேட்க ஆளில்லை. இந்தக் கேள்வியைச் செய்தவன் அவள் வீட்டுக்கு வந்ததில்லை. நான்காவது கட்டத்தில் டிக் அடித்தாள்.

ஆறு. 'வீட்டு வேலைகள் நேரத்துக்கு நடக்கின்றன.' எப்போதும். யார் செய்கிறார்கள் என்று அடுத்ததிலாவது கேட்பார்கள் என்று பார்த்தாள். கேட்கவில்லை. ஓரத்தில் 'நான்' என்று எழுதினாள். கோணலாக வந்தது. அடித்துவிட்டுத் திரும்ப எழுதினாள்.

பதினாலு. மகளுக்கு எந்தக் கட்டம் என்று அவளுக்குத் தெரியும். இது அவளுடைய தாள். தன் மனதில் உள்ளதை வீட்டில் சொல்லியிருக்கிறாளா என்று யோசித்தாள். உப்பு போதவில்லை என்றால் சொல்லியிருக்கிறாள். நான்காவது கட்டம்.

இருபத்திரண்டு. 'நான் செய்த தவறை வீட்டில் ஒப்புக்கொள்கிறேன்.'

இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டாள். நாற்காலிகளின் கால்களை எண்ணுவதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள். தை மாதத்திலிருந்து மகளுக்குத் தலை வாரிவிட்டிருக்கிறாள், சாதம் போட்டிருக்கிறாள், மாத்திரை கொடுத்திருக்கிறாள். சாட்சிக் கையெழுத்துப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. பேசாதது மகள் மட்டும்தானா? நான்காவது கட்டம். அவன் போட்டிருந்தால் இதில் முழு மார்க் வாங்கிக் கொடுத்திருப்பான்.

முப்பத்தொன்று. 'எங்கள் வீட்டில் ஒருவர் சொல்ல வேண்டியதை இன்னொருவர் சொல்லிவிடுகிறார்.'

இதுதான் அவன் சொன்ன தலைகீழ் கேள்வி என்று தெரிந்தது. எப்போதும். அழுத்திப் போட்டாள். தாள் கிழிந்து அடியிலிருந்த அட்டையில் மை இறங்கியது.

கதவு தட்டப்பட்டது. "இன்னுமாடி?" கோவிந்தசாமி. "நான் ஏழு நிமிஷத்துல முடிச்சிட்டேன்."

 இன்னும் ஒன்பது கேள்விகள் இருந்தன. அவற்றை அவசரப்படாமல் படித்தாள்.

தாளின் அடியில் 'நிரப்ப உதவியவர்' என்று ஒரு கோடு இருந்தது. கோவிந்தசாமி போட்ட மூன்று தாளிலும் அந்தக் கோடு காலியாக இருந்ததை வெள்ளிக்கிழமையே பார்த்திருந்தாள். ஊராருக்கெல்லாம் மறக்காமல் தன் பெயர் எழுதுகிறவன். வீட்டுக்கு எழுதும்போது அப்படி ஒரு ஆள் நடுவில் இருப்பதாகவே அவனுக்குத் தோன்றவில்லை. அவள் 'யாரும் இல்லை' என்று எழுதினாள். இந்தத் தடவை கோணவில்லை.

வெளியே வந்தபோது ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. கோவிந்தசாமி பெஞ்சில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"மூணு பேருக்கும் சேத்தே எனக்கு இருபத்தஞ்சு நிமிஷம்தான் ஆச்சு" என்றான். குரலில் பழைய தெம்பு இல்லை. "எவ்ளோ வந்தாலும் வெளியில சொல்லிக்காத. அண்ணங்கிட்ட மார்க் சொல்லிட்டேன்."

ஊசி அறைக் கதவு திறந்தது. சுடர்விழி தாளை நான்காக மடித்துக் கையில் வைத்திருந்தாள். விரலில் மை ஒட்டியிருந்தது. நிர்மலா அதை வாங்க வந்தாள். சுடர்விழி கொடுக்கவில்லை. அம்மாவிடம் வந்தாள். பரீட்சை முடிந்து வெளியே வருகிற பெண்கள் நிற்பார்களே, அப்படித் தோளோடு தோள் உரச நின்றாள்.

"முப்பத்தொண்ணுக்கு இன்னா போட்ட?" என்று கேட்டாள்.

சளி கட்டின குரல். முதல் பாதி சரியாக வெளியே வரவில்லை. நிர்மலா நீட்டிய கையை அப்படியே வைத்துக்கொண்டு நின்றாள். கொளஞ்சி தன் தாளைப் பார்த்தாள். பதில் தெரியும். கிழிந்த இடத்தை விரலால் தடவினாள்.

பெஞ்சிலிருந்து கோவிந்தசாமி எட்டிப் பார்த்தான்.

"அது தலகீழ் கேள்வி. கடைசிக் கட்டத்துல போடணும்" என்றான்.

கொளஞ்சி திரும்பினாள். அவள் குரல் நடைக்கூடத்தின் அந்தக் கோடி வரைக்கும் கேட்டது.

"உங்கள யாரும் கேக்கல."